கணிதத்தில் தவறிய மாணவனும் உலகம் கட்டிப்பார்த்த அம்பிளிபயரும்

வால்வு அம்பிளிபயரை வீட்டில் தாங்களே கட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் வில்லியம்சன் என்ற பெயரைச் சொன்னால் போதும், வேறு அறிமுகம் தேவைப்படாது. மிருதங்கம், நாதஸ்வரம் என்று தொடங்கிச் சினிமாப் பாட்டுவரை நல்ல ஒலியில் கேட்க ஆசைப்படுகின்ற எங்கள் சமூகத்தில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலர். அவரது வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புவதற்கு ஒலி மட்டும் காரணம் அல்ல. புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளை வளர்க்கும் எங்களுக்கு அதில் வேறொரு செய்தியும் இருக்கிறது.

டேவிட் தியோடர் நெல்சன் வில்லியம்சன் 1923 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். நண்பர்கள் அவரைத் தியோ என்று அழைத்தார்கள். அந்த நகரிலேயே பெயர்பெற்ற ஜோர்ஜ் ஹெரியட் பாடசாலையில் படித்து, எடின்பரோப் பல்கலைக்கழகத்திற்குப் பொறியியல் படிக்கச் சென்றார். அங்கே கணிதப் பரீட்சையில் சித்தியடையவில்லை. பட்டம் இல்லாமல் வெளியே வந்தார்.

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். அவரது உடல்நிலை போர்முனைக்கு ஏற்றதல்ல என்று சொல்லிவிட்டார்கள். 1943இல் கட்டாயப் பணியாக லண்டனில் உள்ள மார்க்கோனி ஒஸ்ராம் வால்வுக் கொம்பனிக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 20. தொழிற்சாலையில் இருந்து வரும் வால்வுகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் வேலை. ஒரே அளவீட்டை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை அவருக்குச் சலித்துப் போனது. மேலாளர்கள் அதைக் கண்டார்கள். அவரை அதட்டி உட்கார வைக்காமல், பரிசோதனைக்காக அம்பிளிபயர்களைக் கட்டிப் பார்க்க இடம் கொடுத்தார்கள். அந்தச் சிறிய அனுமதிதான் அவரது வாழ்க்கையின் போக்கை மாற்றியது.

வால்வு என்றால் என்னவென்று எங்கள் மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வால்வு றேடியோவைப் போட்டுவிட்டு, அது சூடேறிப் பேசத் தொடங்கும்வரை காத்திருந்தவர்கள் அவர்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறோம். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு மின்முனை சூடாகி இலத்திரன்களை வெளியிடும். எதிரே அதிக மின்னழுத்தத்தில் இருக்கும் தகடு அவற்றை இழுக்கும். இரண்டிற்கும் இடையில் இருக்கும் மெல்லிய கம்பிவலைக்குக் கொடுக்கப்படும் சிறு மின்னழுத்தம் அந்தப் பெரிய ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். இசைத்தட்டின் ஊசியில் இருந்து வரும் நலிந்த அலை இப்படித்தான் ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைப் பெறுகிறது.

அந்த வலுவைப் பெறும்போது அலையின் வடிவம் கெட்டுப்போவதுதான் அன்றைய பிரச்சினை. வில்லியம்சன் தன் ஓய்வு நேரத்தில் இசைத்தட்டுகளுக்கான ஒரு புதிய ஒலியெடுப்பியையும் உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்த ஊசி எடுத்துத் தருகின்ற நுட்பமான ஒலியைக் கெடுக்காமல் பெருக்கித் தரும் அம்பிளிபயர் எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. ஆகவே தானே ஒன்றை வடிவமைத்தார். 1944இல் அதன் மாதிரி தயாராகிவிட்டது. கொம்பனிக்குள் ஓர் அறிக்கையும் எழுதி வைத்தார்.

அவரது வடிவமைப்பின் உயிர்நாடி பின்னூட்டல். இந்த எண்ணம் அவருடையது அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரோல்ட் பிளாக் 1927இல் வேலைக்குப் போகும் படகில் இருந்தபடியே கண்டுபிடித்தது. அம்பிளிபயரில் இருந்து வெளியே போகும் அலையில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி எடுத்து, உள்ளே வரும் அலைக்கு எதிராகக் கொடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டிற்கும் வித்தியாசம் இருந்தால் அது பிழை. அந்தப் பிழையை அம்பிளிபயர் தானே திருத்திக்கொள்ளும். பெருக்கும் சக்தியில் ஒரு பங்கை இழந்து, அதற்கு ஈடாகச் சுத்தத்தைப் பெறுகிற வியாபாரம் இது. வில்லியம்சன் 20 டெசிபெல் பின்னூட்டல் கொடுத்தார். அதாவது பெருக்கத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, ஒலிச்சிதைவையும் ஏறத்தாழ அதே அளவு குறைத்தார்.

சொல்லச் சுலபம், செய்யக் கடினம். அம்பிளிபயரின் கடைசியில், வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒரு கனமான ட்ரான்ஸ்போமர் இருக்கும். கேட்கும் ஒலியின் இரு எல்லைகளுக்கு அப்பால், மிகத் தாழ்ந்த அதிர்விலும் மிக உயர்ந்த அதிர்விலும், அது அலையைத் தாமதப்படுத்திப் புரட்டிவிடும். அப்போது எதிராக வரவேண்டிய பின்னூட்டல் ஆதரவாக வந்து சேரும். அம்பிளிபயர் தானாகவே ஊளையிடத் தொடங்கும், அல்லது பழைய மோட்டார்ப் படகுபோலத் தடதடக்கும். இதற்குப் பயந்தே பலர் ட்ரான்ஸ்போமரைப் பின்னூட்ட வளையத்திற்கு வெளியே விட்டார்கள். வில்லியம்சன் அதை உள்ளே கொண்டுவந்தார். அதற்காக ட்ரான்ஸ்போமரை எப்படிச் சுற்றவேண்டும் என்று கண்டிப்பான அளவுகளை விதித்தார். முதன்மைச் சுருளின் தூண்டல் 100 ஹென்றிக்குக் குறையக் கூடாது. கசிவுத் தூண்டல் 30 மில்லிஹென்றிக்கு மேல் போகக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பெறவேண்டும் என்றால், ஆயிரக்கணக்கான சுற்றுகளைப் பல பகுதிகளாகப் பிரித்து, முதன்மைச் சுருளும் துணைச்சுருளும் மாறி மாறி வரும்படி அடுக்க வேண்டும். கைநிறையத் தூக்கவேண்டிய இரும்பும் செம்பும் அது.

கடைசிக் கட்டத்தில் KT66 என்ற பெரிய வால்வுகள் இரண்டு, ஒன்று தள்ள மற்றது இழுக்க என்று சோடியாக வேலை செய்தன. அந்த வால்வில் இருந்து இன்னும் கூடுதலான வாட் எடுத்திருக்கலாம். வில்லியம்சன் அதை ட்ரையோட் முறையில் இணைத்து, வலுவை விட்டுக்கொடுத்துச் சுத்தத்தை எடுத்துக்கொண்டார். 450 வோல்ட், 125 மில்லியம்பியர். பெருக்கிக் கணக்குப் பார்த்தால், வால்வுகளைச் சூடாக்கும் மின்சாரம் போக, 56 வாட். ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது 15 வாட். மீதியெல்லாம் வெப்பம். ஆனால் அந்த 15 வாட்டிலும் ஒலிச்சிதைவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நாளில் இது நம்பமுடியாத எண்.

1946இல் போர் முடிந்த பின்னர் வில்லியம்சன் எடின்பரோவுக்குத் திரும்பி, பெரான்டி கொம்பனியில் சேர்ந்தார். அவரது அறிக்கை பழைய இடத்தில் கோப்புகளுக்குள் கிடந்தது. KT66 வால்வைப் பொதுமக்களிடம் எப்படி விற்பது என்று வழி தேடிக்கொண்டிருந்த ஒரு விற்பனை அதிகாரியின் கையில் அது தற்செயலாகக் கிடைத்தது. அவர் அதை லண்டனில் இருந்து வெளிவந்த வயர்லெஸ் வேர்ல்ட் என்ற இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் வில்லியம்சனையே தொடர்புகொண்டு, வீட்டில் கட்டுபவர்களுக்கு விளங்கும்படி எழுதித் தரும்படி கேட்டார். 1947 ஏப்ரல், மே இதழ்களில் கட்டுரை வெளிவந்தது. எழுதியவருக்கு வயது 24.

அன்றைய பிரித்தானியாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். உணவுக்குப் பங்கீட்டு அட்டை. கடைகளில் புதிய பொருட்கள் அரிது. அதேநேரம் போருக்காகச் செய்து மிஞ்சிய வால்வுகளும் கொன்டென்சர்களும் மின்மாற்றிகளும் லண்டன் கடைகளில் மலிவாகக் குவிந்து கிடந்தன. போரில் றேடியோவும் ராடாரும் பழகிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பியிருந்தார்கள். அவர்களிடம் கைத்திறன் இருந்தது, பணம் இருக்கவில்லை. நல்ல அம்பிளிபயர் வேண்டும் என்றால் தாங்களே கட்டவேண்டும். அப்படிப்பட்டவர்கள் கையில் ஒவ்வொரு தடைக்கும் ஒவ்வொரு கொன்டென்சருக்கும் அளவு குறித்த முழு வரைபடம் கிடைத்தது. சமையலறை மேசையிலும் கொட்டிலிலும் தகரத்தில் துளையிட்டு, ஈயம் உருக்கிப் பற்றவைத்து அவர்கள் கட்டினார்கள்.

இந்த நிலைமை எங்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். இல்லாமைக்குள் இருந்து ஓர் ஒலியை உண்டாக்கிக்கொள்வது எப்படிப்பட்ட காரியம் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வில்லியம்சனின் வரைபடம் கடல் கடந்து போனது. ஒஸ்திரேலியாவில் அங்கே கிடைத்த வால்வுகளுக்கு ஏற்ப அதை மாற்றி வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1949இல் சார்சர், ஸ்பிரிங்கிள் என்ற இருவர் 807 வால்வுகளை வைத்து அதை வெளியிட்டு, இசைஞர்களின் அம்பிளிபயர் என்று பெயரிட்டார்கள். சார்சர் தாமே ஒரு வயலின் கலைஞர். 1951இல் ஹாஃப்லர், கீரோஸ் என்ற பொறியாளர்கள் கடைசிக் கட்டத்தை வேறு விதமாக இணைத்து, அதே சுத்தத்தில் கூடுதல் வலுவை எடுத்தார்கள். ஹீத்கிட் கொம்பனி எல்லாப் பாகங்களையும் ஒரு பெட்டியில் போட்டு, படிப்படியான விளக்கத்தோடு விற்றது. சில ஆண்டுகளுக்குள் வில்லியம்சன் வகை என்பது ஒரு மனிதரின் பெயராக இல்லாமல் ஒரு பொருளின் பெயராகவே மாறிவிட்டது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கேட்கமுடியாத தாழ்ந்த அதிர்வுகளில் அந்தச் சுற்று உறுதியின் விளிம்பில் நின்றது. சொன்ன தரத்தில் ட்ரான்ஸ்போமர் வாங்காமல் மலிவானதைப் போட்டவர்களின் அம்பிளிபயர்கள் ஊளையிட்டன. 1949இல் வில்லியம்சனே திருத்திய பதிப்பை வெளியிட்டார். 1950களின் நடுப்பகுதியில் குறைந்த வால்வுகளோடு, குறைந்த செலவில் ஏறக்குறைய அதே தரத்தைத் தரும் சுற்றுகள் வந்து அதன் இடத்தைப் பிடித்தன. கட்டுரை வெளிவந்த அதே 1947ஆம் ஆண்டு டிசம்பரில்தான் பெல் ஆய்வுகூடத்தில் முதலாவது ட்ரான்சிஸ்டர் வேலை செய்தது. வால்வின் உச்சமும் அதன் முடிவின் தொடக்கமும் எட்டு மாத இடைவெளியில் நிகழ்ந்தன.

புகழ் வந்த பின்னர் வில்லியம்சன் அம்பிளிபயர்க் கடை வைத்து உட்காரவில்லை. ஹண்டிங்டன் நகரில் குவாட் அம்பிளிபயர்களைச் செய்துவந்த பீற்றர் வோக்கருடன் சேர்ந்து, ஸ்பீக்கரையே புதிதாகச் சிந்தித்தார். காகிதக் கூம்புக்குப் பதிலாக மிக மெல்லிய பிளாஸ்ரிக் படலம், அதற்கு இருபுறமும் துளையிட்ட தகடுகள், ஆயிரக்கணக்கான வோல்ட். அந்த உழைப்பில் இருந்து பிறந்ததே 1957இல் விற்பனைக்கு வந்த குவாட் நிலைமின் ஸ்பீக்கர். பேச்சுக்குரலை அதைப்போல இயல்பாகத் தரும் ஸ்பீக்கர் இன்றும் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு.

ஆனால் அவரது பகல்நேர வேலை வேறு. பெரான்டியில் அவர் உலோகம் வெட்டும் இயந்திரங்களைக் கணினியின் கட்டளைப்படி இயங்க வைக்கும் பணியில் இறங்கினார். கட்டளைகள் காந்த நாடாவில் பதிவாகி இருக்கும். இயந்திரத்தின் மேசை உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்பதை நுண்ணிய கோடுகள் வரைந்த கண்ணாடித் துண்டுகள் ஒளியின் உதவியால் அளக்கும். நகரவேண்டிய தூரத்திற்கும் நகர்ந்த தூரத்திற்கும் வித்தியாசம் இருந்தால் இயந்திரம் தானே திருத்திக்கொள்ளும். அம்பிளிபயரில் ஒலி அலைக்குச் செய்ததையே இங்கே இரும்புக்கும் அலுமினியத்திற்கும் செய்தார். பிழையை அளந்து, திருப்பி அனுப்பி, திருத்து. அவரது வாழ்நாள் வேலை முழுவதும் இந்த ஒரே எண்ணத்தைச் சுற்றியே நடந்தது.

1961இல் சிகரெட் செய்யும் இயந்திரங்களைத் தயாரித்த மொலின்ஸ் கொம்பனியில் ஆய்வுப் பிரிவின் தலைவராகச் சேர்ந்தார். 1967இல் சிஸ்டம் 24 என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தினார். பகலில் ஆட்கள் மூலப்பொருட்களை ஏற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரவில் ஆளில்லாமல் இயந்திரங்கள் தாமே வெட்டி முடிக்கும். 24 மணிநேரமும் ஓடும் தொழிற்சாலை. காலத்திற்கு மிகவும் முந்தி வந்த திட்டம் அது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1970களின் முற்பகுதியில் கைவிடப்பட்டது. ஆனால் பின்னாளில் உலகெங்கும் வந்த தானியங்கித் தொழிற்சாலைகளின் முன்னோடியாக அதையே குறிப்பிடுகிறார்கள்.

எங்களில் எத்தனையோ பேர் கனடாவிலும் ஜேர்மனியிலும் சுவிஸிலும் வந்திறங்கிய புதிதில் இப்படிப்பட்ட கணினி இயந்திரங்களுக்கு முன்னால் இரவு வேலை செய்தவர்கள். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் இங்கே உலோகத் தூள் படிந்த கையோடு விடிய வீடு வந்தார்கள். அந்த இயந்திரங்களின் கதையில் ஓர் அத்தியாயம், பட்டம் இல்லாத இந்த மனிதரின் கையால் எழுதப்பட்டது.

பட்டம் கொடுக்காத உலகம் வேறு வழியால் அவரிடம் வந்தது. 1968இல் பிரித்தானியாவின் றோயல் சொசைற்றி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. நியூற்றன் தலைமை வகித்த சபை அது. 1971இல் எடின்பரோவில் உள்ள ஹெரியட் வாட் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. 1974இல் ராங்க் செரொக்ஸ் கொம்பனியின் பொறியியல் பணிப்பாளராகி, இரண்டு ஆண்டுகளில் ஓய்வுபெற்றார். பின்னர் இத்தாலிக்குக் குடிபெயர்ந்தார். 1992 மே மாதம், 69ஆவது வயதில் காலமானார்.

ஓகஸ்ட் மாதம் வந்தால் பிரித்தானியாவில் உள்ள எங்கள் வீடுகளில் பரீட்சை முடிவுக் காய்ச்சல் தொடங்கிவிடும். நினைத்த பாடம், நினைத்த பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும். பெற்றோர் உறவினரின் தொலைபேசிக்குப் பயந்துகொண்டு இருப்பார்கள். இந்தப் பயத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காணியும் வீடும் விட்டு வந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றே யாராலும் பறிக்கமுடியாத சொத்து. தரப்படுத்தலைக் கண்ட தலைமுறைக்கு ஒரு புள்ளியின் விலை தெரியும். ஆகவே படிப்பு வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. வில்லியம்சனும் கணிதம் இல்லாமல் இதைச் செய்யவில்லை. பின்னூட்டலும் ட்ரான்ஸ்போமரும் கணக்கு இல்லாமல் வராது. பரீட்சை மண்டபத்தில் வசப்படாத கணக்கு, கையில் ஒரு வேலை இருந்தபோது அவருக்கு வசப்பட்டது.

இந்த இடத்தில் அந்த லண்டன் மேலாளர்களையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அவர்களது பெயர்கள் யாருக்கும் நினைவில் இல்லை. சலித்துப்போயிருந்த 20 வயதுப் பையனிடம், சரி, நீ விரும்புவதைச் செய்துபார் என்று விட்டுக்கொடுத்தார்கள். பெற்றோரான எங்களுக்கும் அந்த இடம்தான் கிடைத்திருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சொல். KT66 வால்வுகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. வில்லியம்சனின் வரைபடத்தை இன்றும் கட்டுகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது ஆசைப்பட்டால் தடுக்கவேண்டாம், ஆனால் பக்கத்தில் இருங்கள். 450 வோல்ட் உயிரை எடுக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கொன்டென்சர்களில் அது தங்கி நிற்கும். வால்வு அணைந்துவிட்டது என்று நம்பிக் கைவைக்கக் கூடாது. சரியான தடையொன்றின் வழியாக அந்த மின்னேற்றத்தை வடியவிட்டு, மீற்றரால் அளந்து பார்த்த பிறகே தொடவேண்டும். முதலில் பழகியவர் ஒருவரின் கீழ் சிறிய சுற்றொன்றைக் கட்டிப் பழகுவது நல்லது. ட்ரான்ஸ்போமரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். வில்லியம்சன் 1947இல் விதித்த அளவுகள் இன்றைக்கும் மாறவில்லை.